என் வீடியோவைப் பார்த்தவரே பணத்தை இழந்துவிட்டார்

கேள்வி: நான் மொரீஷியஸின் கத்ர் போர்னில் ஆரம்பப் பள்ளித் தமிழ் ஆசிரியை. 2 வருடமாக யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் இணையப் பாதுகாப்பு பற்றிச் சின்னச் சின்ன வீடியோக்கள் போட்டு வருகிறேன். எங்கள் பேச்சுமொழியான கிரியோலில் பேசி, இடையிடையே தமிழ் கலந்து சொல்வேன். பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் எங்கள் கோவில் பஜனைக் குழுவின் அம்மாமார்கள். நான் கணினி படித்தவள் இல்லை. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, புரிந்ததை எளிமையாக்கிச் சொல்கிறேன். போன மாதம், என் வீடியோ ஒன்றையும் விடாமல் பார்க்கும் ஓர் அம்மா 40,000 ரூபாயை இழந்துவிட்டார். அவருடைய நாத்தனாரின் வாட்ஸாப்பிலிருந்து, "என் வங்கிச் செயலி வேலை செய்யவில்லை, இந்த எண்ணுக்குக் கொஞ்சம் அவசரமாக அனுப்பு, நாளைக்குத் தருகிறேன்" என்று செய்தி வந்திருக்கிறது. இரண்டு தடவையாக அனுப்பியிருக்கிறார். அனுப்பச் சொன்னது நாத்தனாரின் வாட்ஸாப்பைத் திருடியவன். 4 நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், "உன் வீடியோ எல்லாம் பார்த்துவிட்டு இப்படிச் செய்துவிட்டேனே, எந்த முகத்தோடு உன்னிடம் சொல்வேன்" என்கிறார். அன்றிலிருந்து என்னால் ஒரு வீடியோகூடப் போட முடியவில்லை. இதைச் சொல்லித்தர எனக்கு என்ன தகுதி இருக்கிறது? தொடரலாமா? தொடர்ந்தால் எதை மாற்ற வேண்டும்? இதற்கிடையில் விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் சேவை) விற்கும் ஒரு நிறுவனம், தங்கள் விளம்பரத்தைச் சேர்த்தால் பணம் தருவதாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், கத்ர் போர்ன்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த விபிஎன் நிறுவனத்தின் மின்னஞ்சலோடு 'ஒப்பந்தம்', 'விளம்பர விவரம்' என்று ஏதாவது கோப்பு வந்திருந்தால் அதைத் திறக்காதீர்கள். ஏற்கெனவே திறந்திருந்தால், வேறொரு கருவியிலிருந்து உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து, மற்ற எல்லாக் கருவிகளிலும் கணக்கை வெளியேற்றிவிட்டு, கடவுச்சொல்லை மாற்றுங்கள். வீடியோ போடுகிறவர்களுக்கு வீசப்படும் தூண்டில் பெரும்பாலும் இப்படி விளம்பரக் கடிதமாகத்தான் வரும். 2023 மார்ச்சில் கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் சேனல் அப்படித்தான் பறிபோனது. ஒரு கோடிப் பேருக்கு மேல் பின்தொடரும் சேனல், நாள் முழுக்கத் தொழில்நுட்பமே பேசும் ஆட்கள். அங்கே ஓர் ஊழியர் விளம்பர ஒப்பந்தம் என்று நினைத்து ஒரு கோப்பைத் திறந்தார். 'இவர் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர்' என்று காட்டுவதற்காக உலாவி வைத்திருக்கும் அடையாளத்தை அது அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டது. திருடியவனுக்குக் கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை, குறுஞ்செய்தியில் வரும் குறியீடும் தேவைப்படவில்லை. உங்களுக்கு எழுதியவர்கள் உண்மையான நிறுவனமாகவே இருக்கலாம். இருந்தாலும் அவர்களுடைய இணையதளத்துக்கு நீங்களாகப் போய், அங்கே இருக்கும் முகவரிக்கு எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. தொடரலாமா என்று கேட்கிறீர்கள். கட்டாயம் தொடருங்கள். ஆனால் சில விஷயங்களை மாற்ற வேண்டும். அதை எழுதுவதற்காக உங்கள் சேனலில் 7 வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தேன்.

நான் எபெனில் தகவல் பாதுகாப்புத் துறையில் 18 வருடமாக வேலை செய்கிறேன். பணத்தை இழந்தவர்களோடு உட்கார்ந்து, எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுவது இந்த வேலையின் பெரிய பகுதி. அதனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது '4 நாள்' என்ற சொல். நம் மத்திய வங்கி 2019இல் மாக்காஸ் என்ற உடனடிப் பணமாற்று ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு எந்த வங்கியிலிருந்து எந்த வங்கிக்கும் இரவு பகல் பார்க்காமல் சில நொடிகளில் பணம் போய்ச் சேர்கிறது. காசோலை காலத்தில் ஒரு தவறைத் திருத்த இரண்டு மூன்று நாள் கிடைத்தது. இப்போது கிடைப்பது சில நிமிடம். ஏமாற்றுக்காரன் தன் சொந்தக் கணக்குக்குப் பணத்தை வாங்குவதில்லை. சின்னக் கூலிக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கை இரவல் கொடுத்த யாரோ ஒரு பையனின் கணக்குக்கு முதலில் போகும். அங்கிருந்து ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள், அல்லது அடுத்த கணக்குக்குத் தள்ளிவிடுவார்கள். முதல் அரை மணிக்குள் வங்கிக்குத் தகவல் போனால், பணம் அந்த முதல் கணக்கிலேயே நிற்பதற்கும் வங்கி அதை முடக்குவதற்கும் ஒரு வாய்ப்பு உண்டு. இரண்டு தடவையாக அனுப்பியதாகச் சொல்கிறீர்கள். முதல் தடவைக்குப் பிறகு யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டாவது தொகையாவது போயிருக்காது. நான்காம் நாள் போய்க் கேட்டால், பணம் எந்த வழியாகப் போனது என்பது மட்டும்தான் தெரியவரும்.

அந்த அம்மா ஏன் வாயைத் திறக்கவில்லை? இதைச் சொல்லும்போது நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று தெரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். உங்கள் ஒரு வீடியோவின் தலைப்பு, 'இதற்குக்கூடவா ஏமாறுவார்கள்?' இன்னொன்றில், போலி லாட்டரிச் செய்தியை வாசித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பில் வன்மம் எதுவும் இல்லை, வகுப்பில் பிள்ளைகளோடு சிரிக்கிற மாதிரிதான் சிரிக்கிறீர்கள். ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்க்கிறவரின் மனதில், 'ஏமாறுவது முட்டாள்கள் செய்யும் வேலை' என்று அது பதிந்துவிடுகிறது. நாளை தனக்கே நடக்கும்போது அவர் முதலில் மறைப்பது உங்களிடம்தான்.

உங்களிடம் மட்டும் இருக்கிற பழக்கம் இல்லை இது. இந்தத் துறையே பல காலம் அப்படித்தான் பேசியது. நான்கூட ஆரம்பத்தில் அலுவலகப் பயிற்சிகளில் அப்படித்தான் பேசினேன். பிறகுதான் பார்த்தேன்: காலையில் போலி மின்னஞ்சலைச் சரியாகக் கண்டுபிடித்த அதே ஆள், மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஓடும் நேரத்தில் விழுந்துவிடுகிறார். காலையில் இருந்த அறிவு மாலையிலும் அவரிடம் இருக்கத்தான் செய்தது. அந்த நேரத்து அவசரம் அதைப் பயன்படுத்த விடவில்லை.

உங்கள் அம்மாமார்களுக்கு இரண்டு பேரின் கதையைச் சொல்லுங்கள். ஜிம் ப்ரவுனிங் என்ற பெயரில் ஒருவர் வீடியோ போடுகிறார். ஏமாற்றுக் கால் சென்டர்களின் கணினிகளுக்குள்ளேயே புகுந்து அவர்களை அம்பலப்படுத்துகிறவர். உலகத்தில் ஏமாற்றுக்காரர்களைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர்கள் குறைவு. 2021 ஜூலையில், யூடியூப் உதவிப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவரை நம்பி, அவர் தன் கையாலேயே தன் சேனலை அழித்துவிட்டார். நடந்ததைத் தானே வெளியே சொன்னார். சில நாளில் சேனல் திரும்பக் கிடைத்தது. இன்னொருவர் ஆஸ்திரேலியாவின் ட்ராய் ஹன்ட். நம் மின்னஞ்சல் முகவரி ஏதாவது தகவல் திருட்டில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க உதவும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தை 2013இல் தொடங்கியவர். 2025 மார்ச்சில் லண்டனில், பயணக் களைப்பில் இருந்தபோது, ஒரு போலி மின்னஞ்சலை நம்பித் தன் கடவுச்சொல்லையும் குறியீட்டையும் கொடுத்துவிட்டார். வழக்கமாகக் கடவுச்சொல்லைத் தானே நிரப்பும் அவருடைய மென்பொருள் அன்று நிரப்பவில்லை. அதுவே ஓர் எச்சரிக்கை, களைப்பில் கவனிக்கவில்லை என்று அவரே எழுதினார். சுமார் 16,000 பேரின் மின்னஞ்சல் முகவரிகள் போயின. அவர் அதை மூடி மறைக்கவில்லை. சிறிது நேரத்திலேயே எல்லோருக்கும் எழுதிச் சொல்லிவிட்டார்.

இவர்களுக்கும் கை தவறும் என்று தெரிந்தால் உங்கள் பஜனைக் குழுவில் ஒருவர் தயங்காமல் வந்து சொல்வார். அடுத்த வீடியோ இதைப் பற்றியே இருக்கட்டும். 'பணம் போய்விட்டதா? யார் மேலும் தப்பில்லை, உடனே இதைச் செய்யுங்கள்' என்று ஆரம்பியுங்கள். வங்கி அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு உடனே போன் போடுவது எப்படி, என்னென்ன சொல்ல வேண்டும் என்று நடித்தே காட்டுங்கள்: எவ்வளவு தொகை, எத்தனை மணிக்கு, எந்த எண்ணுக்கு, 'ஏமாற்றிவிட்டார்கள், தயவுசெய்து நிறுத்துங்கள்'. பதற்றத்தில் அவர்களுக்கு வார்த்தை வராது. முன்பே ஒரு தடவை கேட்டிருந்தால் வந்துவிடும்.

இனி பாடத்துக்கு வருகிறேன். எனக்கு அதிக வருத்தம் தந்த இடம் இது. அந்த அம்மா உங்கள் பாடத்தைச் சரியாகவே கடைப்பிடித்தார். தெரியாத எண்ணை நம்பாதீர்கள் என்றீர்கள். வந்தது தெரிந்த எண், நாத்தனாரின் படத்தோடு. எழுத்துப் பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள் என்றீர்கள். நல்ல கிரியோலில், பிழை இல்லாமல் வந்தது. இணைப்பைத் தொடாதீர்கள் என்றீர்கள். அதில் இணைப்பே இல்லை. நீங்கள் கொடுத்த அடையாளங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால், அந்தச் செய்தி பாதுகாப்பானது என்றுதான் விடை வரும்.

அடையாளத்தை வைத்துப் பாடம் நடத்தினால் அந்த அடையாளம் மாறும் நாளில் பாடமும் செத்துவிடும். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று நாங்கள் எல்லோரும் வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்தோம். பிறகு போலித் தளங்களும் பூட்டு மாட்டிக்கொண்டன. 2023இல் கூகுள் தன் க்ரோம் உலாவியிலிருந்து அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது. உங்கள் ஐந்தாவது வீடியோவில் பூட்டுப் படம் இன்னும் இருக்கிறது, அதை நீக்கிவிடுங்கள். எழுத்துப் பிழையும் அப்படித்தான். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு ஏமாற்றுக்காரனின் பிரெஞ்சு என் பிரெஞ்சைவிட நன்றாக இருக்கிறது.

அடையாளத்துக்குப் பதிலாக ஒரு வழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள். பணம் கேட்டால் குரலைக் கேள். யார் கேட்டாலும், எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும், அனுப்புவதற்கு முன் அவர்களோடு பேச வேண்டும். இதில் ஒரு நுணுக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: வாட்ஸாப் அழைப்பில் பேசக்கூடாது. வாட்ஸாப் திருடப்பட்டிருந்தால் அந்த அழைப்பு திருடியவனுக்குத்தான் போகும். அவன் எடுக்காமல் துண்டித்துவிட்டு, 'இப்போது பேச முடியாது, மருத்துவமனையில் இருக்கிறேன்' என்று எழுதுவான், பதற்றம் இன்னும் கூடும். சாதாரண தொலைபேசி அழைப்பில்தான் கூப்பிட வேண்டும். அது நாத்தனாரின் சிம் கார்டுக்கே போகும், அவர் கையில் இருக்கும் போன்தான் அடிக்கும். எடுக்கவில்லையா, எடுக்கும்வரை பணம் இல்லை. அவருடைய வீட்டில் வேறு யாரையாவது கூப்பிட்டுக் கேட்கலாம்.

இப்போது குரலையும் போலியாகச் செய்கிறார்களே என்று உங்கள் பார்வையாளர்கள் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் போலிக் குரல் நம்மைத் தேடித்தான் வரும். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நாம் கூப்பிடும்போது அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். ரீயூனியனிலோ பிரான்ஸிலோ பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஒரு குடும்பச் சொல் வைத்துக்கொள்ளட்டும். பாட்டி வீட்டு நாயின் பெயர் மாதிரி, ஃபேஸ்புக்கில் எங்கும் எழுதாத ஒரு சொல். அடுத்த முறை எல்லோரும் ஒன்றுகூடும்போது, சாப்பாட்டு நேரத்தில் பேசி வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் உங்கள் வீடியோவுக்கு உண்மையில் கஷ்டமான இடம் வேறு. நாத்தனார் அவசரமாகப் பணம் கேட்கிறார். "நீதான் கேட்கிறாயா?" என்று திருப்பிக் கேட்பது நம் வீடுகளில் எப்படிப்பட்ட விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டதும் கொடுப்பதுதான் உறவுக்கு அழகு என்று வளர்ந்தவர்கள் அவர்கள். அண்ணன் மனைவி தயங்கினாள் என்ற ஒரு சொல் அடுத்த கல்யாணம்வரை பேசப்படும். ஏமாற்றுக்காரனுக்குத் தொழில்நுட்பத்தைவிட இந்த நெருக்கம்தான் அதிகம் உதவுகிறது. அதனால், 'சந்தேகப்படுங்கள்' என்று அவர்களுக்குச் சொன்னால் எடுபடாது. சந்தேகப்படுவது அவர்களுக்குப் பாவம் மாதிரி. நீங்கள் செய்ய வேண்டியது, இந்த அழைப்பை மரியாதையாக மாற்றுவது. 'நம் வீட்டில் யார் பணம் கேட்டாலும் போன் போட்டுப் பேசிவிட்டுத்தான் அனுப்புவோம்' என்று குடும்பத்துக்கே ஒரு விதி. அதை அமைதியான நாளில், எல்லோருக்கும் முன்னால் சொல்லி வைத்துவிட வேண்டும். அப்புறம் யார் யாரைக் கூப்பிட்டாலும் சந்தேகம் என்று ஆகாது. 'என்னம்மா ஆச்சு, ஏன் பணம் வேண்டும், உடம்புக்கு ஒன்றுமில்லையே' என்று விசாரிக்கிற அழைப்பாகிவிடும். அப்படித்தானே ஒரு அண்ணி கூப்பிட வேண்டும்? மாமியார், நாத்தனார் இரண்டு பேரையும் கேமராவுக்கு முன் உட்காரவைத்து இந்த விதியை ஒரு வீடியோவாக எடுங்கள். நான் பார்த்தவரை வெளிநாட்டு வீடியோ எதிலும் இது கிடைக்காது.

வாட்ஸாப்பை எப்படித் திருடுகிறார்கள் என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். திருடுகிறவன் தன் போனில் நாத்தனாரின் எண்ணைப் போட்டு வாட்ஸாப்பைத் தொடங்குகிறான். வாட்ஸாப் 6 இலக்கக் குறியீட்டை நாத்தனாருக்கு அனுப்புகிறது. உடனே அவருக்கு ஓர் அழைப்போ செய்தியோ வரும்: 'தவறுதலாக உங்களுக்கு ஒரு எண் வந்துவிட்டது, அதைச் சொல்லுங்கள்.' பெரும்பாலும் அது ஏற்கெனவே திருடப்பட்ட ஒரு நண்பரின் கணக்கிலிருந்தே வரும். அதனால்தான் ஒரு குழுவில் ஒருவர் விழுந்தால் அடுத்தடுத்து பலர் விழுகிறார்கள். இதைத் தடுக்க வாட்ஸாப் அமைப்புகளில் 'இரண்டு கட்டச் சரிபார்ப்பு' என்று ஒன்று இருக்கிறது. அங்கே நாமே ஒரு 6 இலக்கப் பின் எண் (ரகசிய எண்) வைத்துக்கொள்ளலாம், ஒரு மின்னஞ்சலும் சேர்த்துவிடலாம். அதை வைக்காமல் இருந்தால், உள்ளே நுழைந்த திருடன் தன்னுடைய பின் எண்ணை வைத்துவிடுவான். அப்போது குறுஞ்செய்திக் குறியீட்டைப் போட்டு அவனை வெளியேற்றலாம், ஆனால் அவனுடைய பின் தெரியாமல் நாம் முழுதாக உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இதை வீடியோவில் மட்டும் காட்டினால் போதாது. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பிரசாதம் வாங்கிய பிறகு, அரை மணி நேரம் கோவில் மண்டபத்தில் உட்காருங்கள். ஒவ்வொருவர் போனிலும் அவரவர் விரலாலேயே பின் எண்ணை வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கிச் செய்துகொடுக்காதீர்கள், அவர்கள் பின் எண்ணைப் பார்க்கவும் செய்யாதீர்கள். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக எழுதட்டும். கத்ர் போர்னில் ஒரு பாட்டியின் அலமாரியில் இருக்கும் நோட்டை வெளிநாட்டில் இருக்கும் திருடன் படிக்கப்போவதில்லை. மறந்துவிடுவோம் என்ற பயத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைப்பதுதான் ஆபத்து.

மண்டபத்தில் உட்காரும்போது இன்னொன்றும் உங்கள் கண்ணில் படும். அவர்கள் திரையைப் படிப்பதில்லை. கீழே வலப்பக்கம் பச்சைப் பொத்தான், அப்புறம் நடுவில் நீலப் பொத்தான் என்று இடத்தை வைத்து அழுத்துகிறார்கள். நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998இல் அதன் இடம் மாறியதற்கு எவ்வளவு கொந்தளிப்பு எழுந்தது, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டிவந்தது என்பது உங்கள் பார்வையாளர்களுக்கு நினைவிருக்கும். அதே பணம் போனுக்குள் போனதும் ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டும்தான். ஆகவே அகராதி மாதிரி ஒரு தொடர் போடுங்கள். 'அப்ரூவ்' என்றால் என்ன, 'அலவ்' என்றால் என்ன, 'பெனிஃபிஷியரி' என்றால் யார். ஒரு வீடியோவுக்கு ஒரு சொல், அந்தச் சொல் வரும் திரையின் படத்தோடு. நமக்குப் பணம் வர ரகசிய எண்ணோ குறியீடோ போடத் தேவையே இல்லை என்பதை அதில் ஓர் இடத்தில் அழுத்திச் சொல்லுங்கள். தமிழ் ஆசிரியைக்குத்தான் இந்தத் தொடர் வரும், எனக்கு வராது.

எதை விட வேண்டும் என்றும் சொல்கிறேன். மாதாமாதம் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் வீடியோவை எடுத்துவிடுங்கள். அந்த அறிவுரை அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தரநிர்ணய நிறுவனம் வெளியிட்ட ஓர் ஆவணத்தால் பரவியது. 2017இல் அதே நிறுவனம் அதைக் கைவிட்டது. எழுதிய பில் பர் என்பவரே அந்த ஆண்டு வருத்தம் தெரிவித்தார். அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசியில் ஒரு எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் அந்த 'ஜூஸ் ஜாக்கிங்' வீடியோ. பொது இடத்துச் சார்ஜரில் போனை மாட்டினால் தகவலைத் திருடிவிடுவார்கள் என்று வெளிநாட்டு வீடியோக்கள் சொல்வதை எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். 2011இல் ஒரு மாநாட்டில் செய்துகாட்டியதிலிருந்து வந்த பெயர் அது. இத்தனை வருடத்தில் அப்படி ஒருவர் பணம் இழந்து நான் பார்த்ததில்லை. இன்றைய போன்கள் தகவலைத் தருவதற்கு முன் அனுமதி கேட்கும். அதைவிட, நம் ஊரில் ஜூஸ் என்றால் வங்கிச் செயலி. உங்கள் வீடியோவின் கீழே இரண்டு பேர், 'அப்படியானால் ஜூஸை நீக்கிவிடட்டுமா?' என்று கேட்டிருக்கிறார்கள், பார்த்தீர்களா? ஒரு வெளிநாட்டுப் பயம் இங்கே வந்து வேறொரு பயமாக மாறிவிட்டது. அவர்களுக்கு இன்றே பதில் எழுதுங்கள்.

விபிஎன் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அது உங்கள் இணையப் போக்குவரத்தை ஒரு குழாய்க்குள் போட்டு, வேறொரு இடத்திலிருந்து வெளியே விடுகிறது. 2024 நவம்பர் தொடக்கத்தில், தேர்தலுக்குச் சில நாள் முன்பு, இங்கே சமூக ஊடகங்களை முடக்க உத்தரவு வந்ததும், மறுநாளே அது திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கும். அது மாதிரியான நேரத்தில் அது உண்மையிலேயே பயன்படும். ஆனால் அந்த அம்மாவின் போனில் விபிஎன் இருந்திருந்தால், அவருடைய 40,000 ரூபாய் அந்தக் குழாய் வழியாகப் பத்திரமாகத் திருடனிடம் போய்ச் சேர்ந்திருக்கும். உங்கள் பார்வையாளர்களுக்குத் தேவைப்படாத பொருளை நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காக அவர்கள் மாதாமாதம் பணம் கட்டி வாங்குவார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மறுத்துவிடுவேன்.

உங்கள் சேனலின் கருத்துப் பகுதியையும் தினமும் பாருங்கள். பணம் இழந்தவர் ஒருவர் அங்கே எழுதினால், சில மணி நேரத்தில் யாராவது, 'எனக்கும் இப்படி நடந்தது, இவர்தான் மீட்டுத் தந்தார்' என்று ஒரு டெலிகிராம் பெயரைக் கொடுப்பார்கள். உங்கள் படத்தையே வைத்துக்கொண்டு உங்கள் பெயரிலும் எழுதுவார்கள். ஒரு முறை இழந்தவரிடம் 'மீட்புக் கட்டணம்' என்று இன்னொரு முறை பிடுங்கும் கூட்டம் அது. 'நான் யாருக்கும் தனியாகச் செய்தி அனுப்ப மாட்டேன், பணம் கேட்க மாட்டேன்' என்று எழுதி மேலே நிலையாக வைத்துவிடுங்கள்.

தகுதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தப்பாக எழுதிய பிள்ளை பலகையை மறைத்துக்கொள்ளாமல் உங்களிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றால் வகுப்பில் எப்படிப் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் துறையில் பட்டம் வாங்கிய பலருக்கு அது தெரியாது. நுணுக்கமான விஷயத்தில் சந்தேகம் வந்தால் வீடியோ போடுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

இப்போது அந்த அம்மாவுக்குச் செய்ய வேண்டியது. அவருடைய கதையை வீடியோவில் சொல்லாதீர்கள், பெயரை மாற்றியும் சொல்லாதீர்கள். நம் ஊர் சின்னது, ஒரு காவடி ஊர்வலத்துக்குள் எல்லோருக்கும் யார் என்று தெரிந்துவிடும். அவராகவே ஒரு நாள் சொல்ல விரும்பினால் அது வேறு. வாட்ஸாப் செய்திகளை அவர் வெட்கத்தில் அழித்துவிடுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பணம் போன எண்ணும் நேரமும் தெரியும்படி. வங்கிக்கு வாய்மொழியாக மட்டும் சொல்லியிருந்தால் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு நகல் வாங்கச் சொல்லுங்கள். இணையக் குற்றங்களைப் பதிவதற்கான அரசாங்கத்தின் மாக்கோர்ஸ் தளத்திலும் பதிவு செய்யுங்கள், காவல் துறையிலும் சொல்லுங்கள். நாத்தனாரும் தன் கணக்கு திருடப்பட்டதைத் தனியாகப் பதிய வேண்டும், இரண்டு புகாரும் சேர்ந்தால் வழக்கு வலுப்படும். பணம் திரும்பும் என்று அவருக்கு நம்பிக்கை கொடுக்காதீர்கள், நான்கு நாள் தாண்டிவிட்டது. ஆனால் அந்த இரவல் கணக்கு முடங்கினால் அடுத்த வீட்டுக்காரரின் பணம் தப்பலாம், அதை அவரிடம் சொல்லுங்கள். மாக்கோர்ஸ் படிவம் தமிழில் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே அவர் வீட்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, கேள்வி கேள்வியாக வாசித்துச் சொல்லுங்கள். விடையை அவரே தட்டச்சு செய்யட்டும்.